கார்டுராய்: தடவிப் பார்த்து வாங்குங்கள், திருப்பிப் போட்டுத் துவையுங்கள்

படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து வந்து இறங்கும் நம் ஆட்கள் முதல் மாதத்தில் தடித்த ஜாக்கெட் வாங்குவார்கள், தெர்மல் வாங்குவார்கள், பூட்ஸ் வாங்குவார்கள். காலுக்கு மட்டும் ஊரிலிருந்து கொண்டு வந்த ஜீன்ஸே ஓடிக்கொண்டிருக்கும். நவம்பர் பிறந்து பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றால்தான் ஜீன்ஸ் எப்படிச் சில்லிட்டுப் போகிறது என்று தெரியும். அப்போதுதான் கடையில் வரி வரியாகத் தொங்கும் பேண்ட் கண்ணில் படும். தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும், விலையும் ஜீன்ஸ் விலைதான் இருக்கும். வாங்கிவிடுவார்கள். நாலைந்து முறை துவைத்ததும் முட்டியில் பளபளப்பு, பின்பக்கத்தில் தேய்மானம், மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சு. துணி மட்டம் என்று பழி விழும். துணி மட்டமாக இருப்பதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் அதைச் சாதாரண பேண்ட் மாதிரித் துவைத்து, பிழிந்து, மேலே பெட்டி போட்டுத் தேய்த்திருப்பார்கள்.

கார்டுராய்க்கு ஒரு திசை உண்டு. வாங்குவது, வெட்டித் தைப்பது, துவைப்பது, இஸ்திரி போடுவது எல்லாமே அந்தத் திசையைச் சுற்றித்தான். அதனால் துணி எப்படி உருவாகிறது என்பதை முதலில் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

கார்டுராய் பெரும்பாலும் பருத்திதான். பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) கோத்து ஓர் அடித்துணி இருக்கும். அதோடு கூடுதலாக ஓர் ஊடை நூல், சில பாவு நூல்களைத் தாண்டித் தாண்டி மேலே தளர்வாக மிதந்து போகும்படி நெய்வார்கள். தறியிலிருந்து இறங்கும்போது அதைக் கார்டுராய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கப்புறம்தான் வேலையே. மிதக்கும் நூல்களை நீளவாக்கில் கத்தியால் கீறிவிடுவார்கள். வெட்டுப்பட்ட முனைகள் நிமிர்ந்து நிற்கும். பிரஷ் போட்டுச் சீவினால் வரியாகத் திரளும். இரண்டு வரிக்கு நடுவே தெரியும் பள்ளம்தான் அடித்துணி.

இப்போது இந்த வெட்டு வேலையை வரிசையாக வட்டக் கத்திகள் பூட்டிய இயந்திரம் செய்கிறது. ஒரு காலத்தில் கையால்தான். நீளமான மேசையில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கம்பி போல மெலிந்த நீளக் கத்தியின் முனையை மிதக்கும் நூலுக்கு அடியில் நுழைத்து, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துகொண்டே கீறுவார்கள். ஒரு வரி முடிந்தால் திரும்பி வந்து அடுத்த வரி. ஒரு துணிக்கு நூற்றுக்கணக்கான வரி. இங்கிலாந்தின் செஷயரில் லிம் போன்ற ஊர்களில் வீடுகளின் மேல்மாடியிலேயே இதற்கென்று நீளமான அறைகள் கட்டியிருந்தார்கள். பெண்களும் சிறுவர்களும் நாள் முழுக்க அந்த அறைகளில் நடந்தார்கள். கை கொஞ்சம் அசைந்தால் கத்தி அடித்துணியில் இறங்கி ஓட்டை விழும்.

மான்செஸ்டர் வட்டாரம்தான் இந்தத் துணிக்குப் பேர்போனது. ஜெர்மனியிலும் சுவீடனிலும் இந்தத் துணிக்கே மான்செஸ்டர் என்ற பெயர் உண்டு. யார்க்‌ஷயரின் ஹெப்டன் பிரிட்ஜ் கார்டுராய் வகைத் துணிகளையும் அவற்றில் தைத்த கால்சட்டைகளையும் நம்பியே வளர்ந்த ஊர். இன்று பேராசிரியர் கோட்டு என்று நினைவுக்கு வரும் கார்டுராய், அன்றைக்குக் கூலித் தொழிலாளியின் துணி. தொழிலாளர்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஃபியர்கஸ் ஓகானர் 1841இல் யார்க் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, கார்டுராய்க்கு உறவான ஃபஸ்டியன் துணியில் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். நான் தொழிலாளி பக்கம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் பண்ணை வேலைக்குப் போன பிரிட்டனின் பெண்கள் படைக்கும் கார்டுராய் கால்சட்டைதான் சீருடை. உழைக்கிற துணி இது. சரியாக வைத்துக்கொண்டால் பல வருடம் வரும்.

நிமிர்ந்து நிற்கும் அந்த நூல்முடிகளுக்கிடையே காற்று தங்கும். அதுதான் கதகதப்பு. முடி படுத்துவிட்டாலோ உதிர்ந்துவிட்டாலோ அழகோடு சூடும் போகும். பராமரிப்பு என்று கீழே சொல்வதெல்லாம் அந்த முடியைக் காப்பாற்றும் வேலைதான்.

வரியை எண்ணுங்கள்

ஓர் அங்குல அகலத்தில் எத்தனை வரி இருக்கிறது என்பதுதான் கார்டுராயின் ரகம். கடைகளிலும் இணையத்திலும் இதை 'வேல்' என்று போட்டிருப்பார்கள்: 8 வேல், 14 வேல் என்று. எண் கூடக் கூட வரி மெலிதாகும். லேபிளில் இல்லையென்றால் நீங்களே எண்ணலாம். பிரிட்டனில் இருந்தால் ஸ்கேல்கூட வேண்டாம். 2 பென்ஸ் காசின் குறுக்களவு 25.9 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். காசைத் துணிமேல் வைத்து, அதன் விட்டத்துக்கு எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள்.

11 என்பது நடுத்தரம். பேண்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் பொது. 14 வந்தால் கொஞ்சம் மெலிசு, ஜீன்ஸ் வெட்டில் தைத்தவை பலவும் இந்த ரகம்தான். 16க்கு மேல் போனால் ஊசி வரி. சட்டை, பாவாடை, குழந்தை உடுப்புக்கு ஏற்றது. தூரத்திலிருந்து பார்த்தால் வரியே தெரியாது. 8க்குக் கீழே இறங்கினால் பட்டை வரி. நல்ல சூடு தரும், ஆனால் உடம்பைப் பருமனாகக் காட்டும்.

முதல் கார்டுராய் வாங்குகிறவருக்கு என் யோசனை 11க்கும் 14க்கும் இடையில். அலுவலகத்துக்கும் போகும், வார இறுதிக்கும் ஆகும். பட்டை வரியைப் பார்த்ததும் ஆசை வரும். அதை இரண்டாவதாக வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

முதலில் தடவுங்கள். தொடையிலிருந்து பாதம் நோக்கி ஒரு தடவை, திருப்பி மேல் நோக்கி ஒரு தடவை. பூனை முதுகைத் தடவுகிற மாதிரிதான்: ஒரு பக்கம் வழுவழுவென்று போகும், எதிர்ப்பக்கம் சொரசொரவென்று தடுக்கும். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். கீழ் நோக்கிச் சாய்ந்திருந்தால் நிறம் கொஞ்சம் வெளிறி, மினுமினுப்பாகத் தெரியும். தேய்மானம் குறைவு. மேல் நோக்கிச் சாய்ந்திருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். இரண்டும் சரிதான். ஆனால் ஒரே உடுப்பில் இரண்டும் கலந்திருக்கக் கூடாது. பேண்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு காலையும் பாருங்கள். ஒரு கால் கறுத்தும் ஒரு கால் வெளுத்தும் தெரிந்தால், துணியை மிச்சம் பிடிக்கத் துண்டுகளைத் தலைகீழாக வெட்டித் தைத்திருக்கிறார்கள். சாயம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மையும்கூட. ஆனாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது, துணியை வரிக்குக் குறுக்காக வெளிப்பக்கம் தெரியும்படி மடித்துப் பாருங்கள். மடிப்பின் முதுகில் அடித்துணி பல்லிளித்தால் முடி அடர்த்தி போதாது. முட்டி மடங்குகிற இடத்தில் சீக்கிரம் வழுக்கை விழும்.

மூன்றாவது, உள்பக்கம் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் நகத்தால் நாலு தடவை சுரண்டுங்கள். முடியை அடித்துணியோடு பிடித்துக் கட்டியிருப்பது நெசவு மட்டும்தான், பசை எதுவும் கிடையாது. சுரண்டியதும் வெளிப்பக்கம் தூள் தூளாக முடி கழன்று வந்தால் அந்தப் பிடிப்பு தளர்ச்சி.

லேபிளில் பருத்தி 98 சதவீதம், எலாஸ்டேன் (ரப்பர் போல இழுபடும் நூல்) 2 சதவீதம் என்று இருந்தால் உட்கார்ந்து எழ வசதி. ஆனால் எலாஸ்டேனுக்குச் சூடு ஆகாது. டிரையரில் அடிக்கடி போட்டால் துவண்டு போகும்.

சாரிட்டி ஷாப்பில் பழையது வாங்கினாலும் நல்லதே. நல்ல கனமான பழைய பிரிட்டிஷ் கார்டுராய் அங்கே கிடைப்பது உண்டு. முட்டி, பின்பக்கம், தொடை இடுக்கு, பாக்கெட் வாய் ஆகிய நாலு இடத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முடி படுத்திருந்தால் எழுப்பிவிடலாம். உதிர்ந்து அடித்துணி வழவழவென்று தெரிந்தால் திரும்பி வராது. கீழ் மடிப்பை அவிழ்த்து நீளமாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வாங்க வேண்டாம். மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடும், அதற்குக் கீழே வெளுக்காத ஒரு பட்டையும் தங்கிவிடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

ஆல்டர் செய்வதற்கு முன்

புது பேண்ட் நீளமாக இருந்தால் உடனே தையல்காரரிடம் ஓடாதீர்கள். பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். ஒரு முறை துவைத்து, காயவைத்து, போட்டுப் பார்த்த பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

ஊரில் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பதானால், எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலர், பாக்கெட் மூடி, இடுப்புப் பட்டை உட்பட. இதனால் துணி வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக எடுக்க வேண்டி வரும். முடி சாயும் பக்கத்தை உள்பக்கத்தில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிட்டால் குழப்பமே இல்லை.

எதோடு போடுவது

கார்டுராயே சத்தம் போடும் துணி, இரண்டு அர்த்தத்திலும். பட்டை வரி பேண்ட் போட்டு நடந்தால் தொடை உரசி 'வ்ர்ர் வ்ர்ர்' என்று கேட்கும். அமைதியான நூலகத்தில் உங்கள் வருகை முன்கூட்டியே அறிவிக்கப்படும். மெலிந்த வரியில் அது குறைவு. பார்வைக்கும் அப்படித்தான். கீழே வரி இருந்தால் மேலே வழவழப்பானதைப் போடுங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு சட்டை, மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், டெனிம் சட்டை. கார்டுராய் ஜாக்கெட் என்றால் கீழே ஜீன்ஸோ சாதாரணப் பருத்தி பேண்டோ போதும். மேலும் கீழும் கார்டுராய் போடுவதானால் ஒரே துணியில் தைத்த சூட்டாக இருக்கட்டும். 8 வரி ஜாக்கெட்டும் 14 வரி பேண்டும் பக்கத்தில் நின்றால் கண் உறுத்தும்.

நிறத்தில் தயங்க வேண்டாம். பழுப்பு, பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள், செங்கல் நிறம் எல்லாம் இந்தத் துணியில் எடுப்பாக இருக்கும், ஏனென்றால் வரிக்கும் பள்ளத்துக்கும் இடையே நிழல் விழுந்து நிறத்தை அடக்கிவிடும். கறுப்பு மட்டும் யோசித்து வாங்குங்கள். உலகத்தில் உள்ள பஞ்சும் ஸ்வெட்டர் முடியும் அதில்தான் வந்து ஒட்டும்.

மழைக்கு இது ஆகவே ஆகாது. தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், காய நேரமெடுக்கும். இத்தனை மழை பெய்யும் வட்டாரத்தில் இந்தத் துணி பெருகியது ஒரு வேடிக்கைதான். ஆனால் அந்த ஈரக் காற்றுதான் பருத்தி நூல் அறுந்து போகாமல் நூற்க உதவியது. ஆலைக்கு நல்லதாக இருந்த காற்று பேண்டுக்கு நல்லதில்லை. நம் ஊரில் என்றால் ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பர் ஜனவரிக்குப் பொருத்தம். சென்னையில் ஊசி வரிச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் ஏசி இருக்கும் இடத்தில்.

துவைப்பது

ஒவ்வொரு முறை போட்டதும் துவைக்க வேண்டியதில்லை. சட்டை வேறு, பேண்டும் ஜாக்கெட்டும் வேறு. போட்டுக் கழற்றியதும் ஒரு மென்மையான துணி பிரஷால் சீவி, காற்றாட மாட்டினால் பேண்ட் நாலைந்து முறை தாங்கும். ஜாக்கெட்டுக்கு உள் லைனிங்கும் தோளில் பஞ்சும் இருந்தால் டிரை கிளீனிங்தான். லேபிளில் வட்டம் போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் அதுதான்.

1. பாக்கெட்டுகளைக் காலி செய்யுங்கள். ஒரே ஒரு டிஷ்யூ காகிதம் உள்ளே இருந்தாலும் போச்சு. வரிப் பள்ளங்களில் புகுந்துகொண்டு ஒரு மாலை நேரத்தையே தின்றுவிடும்.

2. ஜிப், பட்டன் போட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். இது ஒன்றை மட்டும் செய்தாலே பாதி ஆயுள் கூடும்.

3. டர்க்கி டவல், பஞ்சு உதிரும் ஸ்வெட்டர், போர்வை எதையும் கூடச் சேர்க்காதீர்கள். முதல் இரண்டு மூன்று துவைப்பில் அடர் நிறம் சாயம் விடும், தனியாகவே போடுங்கள்.

4. 30 டிகிரி, மென்மையான சுற்று. லேபிளில் தொட்டிப் படத்தின் கீழே ஒரு கோடு இருந்தால் மிதமான சுற்று, இரண்டு கோடு இருந்தால் இன்னும் மென்மை. மெஷினை அடைக்காமல் பாதிதான் நிரப்ப வேண்டும். நெருக்கியடித்துச் சுழன்றால் முடி கண்டபடி நசுங்கிக் காயும்.

5. ஸ்பின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். கையால் துவைப்பவர்கள் முறுக்கிப் பிழியவே கூடாது. கல்லில் அடிப்பது, பிரஷால் சோப்புப் போட்டுத் தேய்ப்பது இரண்டையும் மறந்துவிடுங்கள். தண்ணீரை அழுத்தி வெளியேற்றி, ஒரு டவலில் சுருட்டி ஒற்றி எடுத்தால் போதும்.

காயவைப்பது

என்னைக் கேட்டால், துவைப்பதைவிட முக்கியமான கட்டம் இதுதான். துணி ஈரமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் முடி எப்படி நிற்கிறதோ அப்படியே காயும். மெஷினிலிருந்து எடுத்ததும் இரண்டு மூன்று தடவை நன்றாக உதறுங்கள். நேர்ப்பக்கம் திருப்பி, தையல் ஓரங்களை நீளவாக்கில் லேசாக இழுத்து நேராக்குங்கள். அப்புறம் உள்ளங்கையால் வரி போகும் திசையில் ஒரு முறை தடவிவிடுங்கள். பிரஷ் இருந்தால் முதலில் எதிர்த்திசையில் சீவி முடியை எழுப்பி, பிறகு சாயும் திசையில் சீவுங்கள். மறுபடி உள்பக்கம் திருப்பி, இடுப்புப் பட்டையில் கிளிப் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். கொடிக்கயிற்றின் மேல் குறுக்காகப் போட்டால் கயிறு பட்ட இடத்தில் கோடு விழும்.

குளிர் நாட்டு அறைகளில் ரேடியேட்டர்மேல் விரித்துப் போடும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. கார்டுராய் அதில் விறைத்துப்போய், கம்பி பட்ட இடமெல்லாம் பட்டை பட்டையாகப் படிந்துவிடும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஹேங்கரில் தொங்கட்டும். டிரையர்தான் வழி என்றால் குறைந்த சூட்டில் போட்டு, முழுதாகக் காய்வதற்கு முன்னரே வெளியே எடுத்து, மீதியைக் காற்றில் காயவிடுங்கள். டிரையரின் சுழற்சி முடியை எழுப்பிவிடும் என்பது உண்மைதான், அளவு மீறினால் சுருக்கமும் வரும்.

இஸ்திரி, ஆவி

ஒழுங்காக உதறித் தொங்கவிட்டிருந்தால் இஸ்திரியே தேவைப்படாது. வெந்நீர்க் குளியல் போடும்போது குளியலறையில் ஹேங்கரில் மாட்டி வைத்தால் அந்த ஆவியிலேயே சின்னச் சுருக்கம் நீங்கிவிடும்.

கட்டாயம் போட வேண்டுமானால் உள்பக்கம் திருப்பி, அடியில் தடித்த டர்க்கி டவல் விரித்து, ஆவியை அதிகமாகவும் அழுத்தத்தைக் குறைவாகவும் வையுங்கள். இழுத்துத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். டவலைவிட நல்ல வழி ஒன்று தையல்காரர்களுக்குத் தெரியும்: இன்னொரு கார்டுராய்த் துண்டை முடி மேல்பக்கம் இருக்க விரித்து, அதன்மேல் உங்கள் துணியின் முடிப்பக்கம் படும்படி வைத்துப் பெட்டி போடுவது. இரண்டு முடியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும், நசுங்காது. ஆல்டர் செய்தபோது வெட்டிய காலின் துண்டைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அது இதற்கு உதவும்.

லாண்டரியில் கொடுத்தால் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நேர்ப்பக்கம் சூடான பெட்டி ஏறினால் வரும் பளபளப்பு, பாதிக்கு மேல் போகாது.

கறை

சாம்பார் சிந்தினால் முதலில் வரும் உந்துதல் தேய்ப்பது. தேய்த்தால் கறை பள்ளத்துக்குள் இறங்கும், முடியும் சிக்காகும். கரண்டியின் ஓரத்தால் வழித்து எடுங்கள். பிறகு வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலந்து, வரியின் திசையிலேயே ஒற்றி, வெறும் தண்ணீரால் மறுபடி ஒற்றுங்கள். மஞ்சள் கறை மிச்சமிருந்தால் வெயிலில் வெளுக்கும். ஆனால் வெயில் துணியின் சாயத்தையும் இழுக்கும் என்பதால் வெளிர் நிறத்துக்கு மட்டுமே இந்த வைத்தியம். எண்ணெய்க் கறைக்கு முகப்பவுடரைத் தூவி, சில மணி நேரம் விட்டு, பிரஷால் தட்டிவிடுங்கள்.

எடுத்து வைப்பது, தேய்ந்ததைக் காப்பாற்றுவது

ஹேங்கரில் தொங்கவிடுவதே நல்லது. பெட்டியில் மடித்து வைக்கத்தான் வேண்டுமென்றால் எல்லாத் துணிக்கும் மேலே வையுங்கள், அடியில் நசுங்க விடாதீர்கள். ஊருக்குக் கொண்டு வரும்போது ஒரு துளி ஈரம்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மழைக்காலத்தில் அந்த வரிப் பள்ளங்களில் பூஞ்சை பிடித்தால் வாடை போவது கஷ்டம். பாச்சை உருண்டை போடுவதானால் துணியில் நேரடியாகப் படாமல் சின்னத் துணிப் பையில் கட்டிப் போடுங்கள்.

முட்டியில் முடி படுத்துப் பளபளத்தால், கெட்டில் ஆவியில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஈரம் இருக்கும்போதே எதிர்த்திசையில் பிரஷ் போடுங்கள். ஒரே தடவையில் எழாவிட்டால் காயவிட்டு மறுபடி செய்யுங்கள். பாக்கெட் ஓரம், பட்டன் பட்டை மாதிரிச் சின்ன இடங்களுக்குப் பழைய டூத் பிரஷ் போதும். பிரஷ் போட்டும் எழாமல் அடித்துணியே தெரிந்தால் அங்கே முடி போய்விட்டது என்று அர்த்தம். ஜாக்கெட் முழங்கையானால் தோல் பேட்ச் தைத்துவிடலாம், அது அந்தக் கோட்டுக்கு அழகும் சேர்க்கும். பேண்ட் முட்டியானால் உள்பக்கம் ஒரு துணி வைத்துத் தைத்து வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் போன பேண்டை மட்டும், முழங்காலுக்குக் கீழே நன்றாக இருக்கும் துணியை வெட்டி எடுத்து இஸ்திரிக்கு விரிக்க வைத்துக்கொண்டு, மீதியை விட்டுவிடலாம்.